ஷட்டவுன் நாளில் எந்த ஆபீஸுக்குப் போவது? (லேத் பட்டறைக்குக் கடன், ஆள், மனு)

கணபதி_லேத் | சனி, இரவு 9:40

வணக்கம். கோவை கணபதியில் மூன்று லேத், ஒரு மில்லிங் வைத்து ஜாப் ஆர்டர் செய்கிறேன். பம்ப் ஷாஃப்ட், புஷ் இந்த மாதிரி வேலைகள். என்னையும் சேர்த்து நாலு பேர்.

வருகிற வியாழக்கிழமை எங்கள் ஏரியாவுக்கு மாதாந்திர ஷட்டவுன். காலை 9 மணியிலிருந்து 4 மணி வரை கரண்ட் கிடையாது. போன மாதம் அந்த நாளை டீக்கடையில் அரசியல் பேசியே தீர்த்துவிட்டேன். இந்தத் தடவை உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும்.

ஒரு பழைய விஎம்சி மெஷின் (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங்) விலைக்கு வருகிறது, 9 லட்சம் சொல்கிறார்கள். அதற்கு மானியக் கடன் கிடைக்குமா? கிடைத்தாலும் ஓட்ட ஆள் வேண்டும், ஐடிஐ முடித்த பையன் யாராவது வருவானா? அப்புறம், எங்கள் வீதி டிரான்ஸ்பார்மரில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி மோட்டார் முனகுகிறது. இதை யாரிடம் சொல்வது? கலெக்டர் ஆபீஸ் மனு நாள் திங்கள்தான் என்கிறார்கள், திங்கட்கிழமை பட்டறையை விட்டு வர முடியாது.

ஒரே நாளில் எந்தக் கதவைத் தட்டலாம், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கோபக்கார_ஃபிட்டர் | சனி, இரவு 10:05

எந்தக் கதவும் வேண்டாம் அண்ணா, வீட்டில் படுத்துத் தூங்குங்கள். நான் நாலு வருடம் அலைந்தவன். ஆபீஸில் "பேங்க் ஒத்துக்கிட்டா நாங்க ரெடி" என்பார்கள். பேங்கில் "ஆபீஸ்ல இருந்து லெட்டர் வரட்டும்" என்பார்கள். நடுவில் நம் பெட்ரோல்தான் காலி.

---

ஓய்வு_தொழில்மையம் | ஞாயிறு, காலை 6:50

மாவட்டத் தொழில் மையத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஃபிட்டர் தம்பி சொல்வதில் பாதி நிஜம். மீதிப் பாதி, எந்தத் திட்டம் யாருக்கு என்று பார்க்காமல் வருவதால் வரும் அலைச்சல்.

கணபதி தம்பி, நீங்கள் ஏற்கெனவே பட்டறை நடத்துகிறவர். எல்லாரும் பேசும் பிஎம்இஜிபி, அதாவது மத்திய அரசின் மானியக் கடன் திட்டம், புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கு. உற்பத்தித் தொழில் என்றால் திட்டச் செலவு 50 லட்சம் வரை, மானியம் ஆளையும் ஊரையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம். நகரத்தில் பொதுப்பிரிவு என்றால் 15, கிராமத்தில் பெண்கள், பட்டியலினத்தார் என்றால் 35. மாநில அரசின் நீட்ஸ் திட்டம் 2012-13இல் வந்தது. 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரை திட்டம் போடலாம், மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம். அதுவும் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு. இரண்டிலும் நீங்கள் வர மாட்டீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது மூலதன மானியம். குறு உற்பத்தி நிறுவனம் மாநிலத்தில் எங்கே இருந்தாலும், தகுதியுள்ள இயந்திர மதிப்பில் 25 சதவீதம். விரிவாக்கத்துக்கும் உண்டு, ஆனால் எவ்வளவு விரிவாக்கினால் விரிவாக்கம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதை நேரில் கேளுங்கள். தொழில்நுட்ப மேம்பாட்டுக்காக வாங்கிய கடனுக்கு 5 சதவீத வட்டி மானியமும் தனியாக உண்டு.

முக்கியமான விஷயம்: பழைய மெஷினுக்கு மானியம் கிடைக்காது. புது மெஷின், ஜிஎஸ்டி பில், வங்கி மூலம் பணம் போயிருக்க வேண்டும். 9 லட்சம் என்றதுமே கேட்க நினைத்தேன், பில் உண்டா?

---

கணபதி_லேத் | ஞாயிறு, காலை 8:15

பில் பாதிக்குத்தான் தருவார்களாம் ஐயா.

---

ஓய்வு_தொழில்மையம் | ஞாயிறு, காலை 8:31

அப்படியென்றால் அந்த மெஷினை மறந்துவிடுங்கள். இல்லை, மானியத்தை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று. பட்டறை ஆரம்பித்தபோது தாழ்வழுத்த மின்மானியத்துக்கு விண்ணப்பம் போட்டீர்களா? குறு உற்பத்தி நிறுவனத்துக்கு 36 மாதம் வரை மின்கட்டணத்தில் 20 சதவீதம் திரும்பக் கிடைக்கும்.

---

கணபதி_லேத் | ஞாயிறு, காலை 8:40

இப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும். பட்டறை ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது ஐயா. வயிற்றெரிச்சல்.

---

கோபக்கார_ஃபிட்டர் | ஞாயிறு, காலை 9:02

இதைத்தான் நான் சொன்னேன்! திட்டம் இருக்கிறது, காலாவதி ஆன பிறகு நமக்குத் தெரிகிறது. கரண்ட் கனெக்‌ஷன் கொடுக்கும்போதே அந்த பில்லோடு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்?

(மனைவி பேரில் புதுசா ஒரு யூனிட் காட்டி பிஎம்இஜிபி போடலாமே அண்ணா? என் சிநேகிதன் ஒருத்தன் அப்படித்தான் வாங்கினான்.)

---

ஓய்வு_தொழில்மையம் | ஞாயிறு, காலை 9:20

அந்த அடைப்புக்குறிக்குள் எழுதியதை அழித்துவிடுங்கள் தம்பி. மானியம் உடனே கையில் வருவதில்லை. கடன் கொடுத்த வங்கியிலேயே மூன்று வருடம் டெபாசிட்டாகக் கிடக்கும். இடையில் நேரில் வந்து ஆய்வு செய்வார்கள். ஒரே கூரை, ஒரே மீட்டர், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு போர்டு. பார்த்தவுடனே தெரியும். அப்போது மானியமும் போகும், சிபிலும் போகும், வீட்டம்மாவும் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். உண்மையிலேயே அவர் தனியாகத் தொழில் செய்யப் போகிறார் என்றால் அது வேறு பேச்சு.

---

கிரைண்டர்_அக்கா | ஞாயிறு, மதியம் 1:10

ஐயா டெபாசிட் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். நான் பிஎம்இஜிபியில் கடன் வாங்கி வெட் கிரைண்டர் அசெம்பிளி யூனிட் வைத்தவள். கடன் கிடைத்த கதையை விட, கிடைத்த பிறகு நடந்த கதைதான் பெரிசு.

மானியப் பணம் டெபாசிட்டில் இருக்கும்வரை அதற்கு வட்டி தர மாட்டார்கள். அதே மாதிரி, அந்தத் தொகை அளவுக்கு நம் கடனுக்கும் வட்டி போடக் கூடாது. இது விதி. எனக்கு எட்டு மாதம் முழுக் கடனுக்கும் வட்டி போட்டிருந்தார்கள். மாதாமாதம் தவணை கட்டுகிறேன், அசல் நகரவே மாட்டேன் என்கிறது. ஒரு நாள் ராத்திரி பாஸ்புக்கையும் ஒரு ரஃப் நோட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்தாவது படிக்கும் மகன்தான், "அம்மா, இவங்க மொத்தத்துக்கும் போட்டிருக்காங்க" என்று கண்டுபிடித்தான்.

மறுநாள் வங்கிக்குப் போனால், "சிஸ்டம் அப்படித்தான் எடுக்கும் மேடம்." அடுத்த தடவை வழிகாட்டு நெறிமுறையின் அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, வரியை மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, கூடவே ஒரு கடிதமும் எழுதி இரண்டு காப்பி கொண்டுபோனேன். ஒரு காப்பியில் சீல் வாங்கிக்கொண்டேன். நாலு மாதம் ஆனது, ஆனால் திருத்தினார்கள். வங்கி பேர் வேண்டாம், மேனேஜரும் மாறிவிட்டார்.

கணபதி தம்பி, நீங்கள் எங்கே போனாலும் இரண்டு காப்பி, ஒரு சீல். வாயால் சொன்னது எதுவும் நிற்காது.

---

கணபதி_லேத் | ஞாயிறு, மதியம் 1:45

அக்கா, ஜாமீன் கேட்டார்களா? என்னிடம் பட்டறையே வாடகை இடம்.

---

கிரைண்டர்_அக்கா | ஞாயிறு, மதியம் 2:20

கேட்டார்கள். நான் வாங்கிய சமயத்தில், 10 லட்சம் வரை குறு, சிறு தொழில் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி போட்ட விதி. அதற்காகத்தான் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. இதைச் சொன்னதும் "எங்கள் மேலிடம் ஒத்துக்கொள்ளாது" என்றார்கள். வாதாடிக்கொண்டிருக்காமல் வேறு கிளைக்குப் போனேன், அங்கே ஒன்றும் கேட்கவில்லை. கிளைக்குக் கிளை ஆளைப் பொறுத்து மாறுகிறது, அதுதான் நிஜம்.

---

ஐடிஐ_வாத்தியார் | ஞாயிறு, மாலை 5:30

ஆள் விஷயத்துக்கு வருகிறேன். அரசு ஐடிஐ ஒன்றில் பயிற்றுநராக இருக்கிறேன்.

மாநிலத்தில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய் செலவில் தொழில் 4.0 மையங்களாக மாற்றினார்கள், 2023இலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். சிஎன்சி, ரோபோ எல்லாம் வந்துவிட்டது. பையன்கள் புது மெஷினில் கற்றுக்கொள்கிறார்கள். உங்கள் லேத்தைப் பார்த்தால், "சார், இது எங்க தாத்தா மெஷின்" என்பார்கள். கோபப்பட வேண்டாம், ஒரு பையன் என்னிடமே அப்படித்தான் சொன்னான்.

பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய கம்பெனி பஸ் அனுப்புகிறது, கேன்டீன் இருக்கிறது. கணபதி பட்டறையில் ஃபேன் கூட சில நாள் ஓடாது. ஆனால் ஒன்று சொல்லலாம். பெரிய கம்பெனியில் ஒரு வருடம் முழுக்க ஒரே பட்டனை அழுத்துவான். உங்களிடம் வந்தால் ஆறு மாதத்தில் டிராயிங் பார்த்து, டூல் தீட்டி, தானே செட்டிங் போடுவான். அதை அவன் அப்பாவிடம் சொல்லுங்கள், அவனிடம் சொல்லிப் புண்ணியமில்லை.

வழி என்ன என்றால், தொழிற்பழகுநர், அதாவது வேலை செய்துகொண்டே கற்கும் அப்ரன்டிஸ். 1961ஆம் வருடச் சட்டம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பழகுநர் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் என்றால் விருப்பம். மத்திய அரசின் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, அரசே நேராகப் பையன் கணக்கில் போடுகிறது. உங்களிடம் எத்தனை பேர் என்றீர்கள்?

---

கணபதி_லேத் | ஞாயிறு, மாலை 5:42

என்னையும் சேர்த்து நாலு.

---

ஐடிஐ_வாத்தியார் | ஞாயிறு, மாலை 5:50

முதலாளியைச் சேர்க்க மாட்டார்கள். அப்படியென்றால் மூன்று. ஒரு ஆள் குறைகிறது. கூட்டிப் பெருக்க வரும் அம்மாவுக்கு முறையாகச் சம்பளம் போடுகிறீர்கள் என்றால், அதைச் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பழகுநர் சேர்க்கை மேளா மாதத்தில் இரண்டாவது திங்கட்கிழமை நடக்கும். அதே திங்கட்கிழமைதான் கலெக்டர் ஆபீஸ் மனு நாளும். யார் போட்ட கணக்கோ தெரியவில்லை. ஆனால் மேளாவுக்கு வராமலும் முடியும். கோவை அரசு ஐடிஐ ஜி.என். மில்ஸில் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். வியாழக்கிழமை வந்து வேலைவாய்ப்புப் பிரிவில் பேசிவிட்டுப் போங்கள்.

---

பீளமேடு_பையன் | ஞாயிறு, இரவு 7:15

ஒரு சின்னத் தகவல், கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊரில் இந்தச் சண்டை புதிதே இல்லை. 1945இல் ஜி.டி. நாயுடு இங்கே அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி ஆரம்பித்தார். நாலு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிக்கொண்டார். கல்லூரி பெயர் மாறிவிட்டது, அவிநாசி ரோட்டில் பஸ் ஸ்டாப் மட்டும் இன்னும் ஹோப் காலேஜ். பையனை வகுப்பில் எத்தனை நாள் வைக்கலாம், மெஷினில் எத்தனை நாள் வைக்கலாம் என்று நாம் இன்னும் முடிவு பண்ணவில்லை.

---

சங்கத்து_ஆள் | ஞாயிறு, இரவு 9:00

குறுந்தொழில் சங்கம் ஒன்றில் செயற்குழுவில் இருக்கிறேன். டிரான்ஸ்பார்மர் விஷயத்துக்குக் கலெக்டர் வரை போக வேண்டியதில்லை. மின்வாரிய மேற்பார்வைப் பொறியாளர் மாதம் ஒரு நாள் ஒவ்வொரு கோட்ட அலுவலகத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் கூட்டம் நடத்துவார். முன்னாலேயே தேதி பேப்பரில் வரும், ஆனால் சின்ன எழுத்தில். அங்கே தீராவிட்டால் வட்ட அளவில் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதற்கும் மேல் குறைதீர்ப்பாளர். வீதியில் இருக்கும் பத்துப் பட்டறையும் சேர்ந்து, ஒவ்வொருவரின் இணைப்பு எண்ணையும் போட்டு ஒரே மனுவாகக் கொடுங்கள். தனி ஆள் மனு என்றால் "உங்கள் வயரிங்கைப் பாருங்கள்" என்று திருப்பிவிடுவார்கள்.

---

கோபக்கார_ஃபிட்டர் | ஞாயிறு, இரவு 9:12

கூட்டம், மன்றம், கருத்துக்கேட்பு! 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் ஏற்றும்போதும் இதே கோவையில் ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்டதே. நானும் போனேன். பேசியவர்கள் எல்லாரும் வேண்டாம் என்றார்கள். செப்டம்பர் 10ஆம் தேதி ஏற்றிவிட்டார்கள். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டும் நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்தது, 50 கிலோவாட் வரை 75 ஆனது, அடுத்த படியில் 150. காலையிலும் மாலையிலும் பீக் ஹவர் என்று 25 சதவீதம் கூடுதல். நான் அங்கே உட்கார்ந்த நாலு மணி நேரத்தில் நாற்பது ஷாஃப்ட் கடைந்திருப்பேன்.

---

சங்கத்து_ஆள் | ஞாயிறு, இரவு 9:48

நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன் தம்பி. உங்கள் கோபம் சரி. ஆனால் கதை அதோடு முடியவில்லையே.

அந்தக் கூட்டத்தில் பேசியதும் எழுதிக் கொடுத்ததும் ஆணையத்தின் உத்தரவிலேயே ஆட்சேபம், பதில் என்று பதிவாகியிருக்கிறது. 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்கக் கதவடைத்தோம். அப்போது அதிகாரிகளிடம் நாங்கள் எடுத்துக்கொண்டு போனது அந்தப் பக்கங்களைத்தான். "நாங்கள் அன்றைக்கே இன்ன பக்கத்தில் சொன்னோம்" என்று காட்ட முடிந்தது. கடைசியில் பீக் ஹவர் 25இலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. 12 கிலோவாட்டுக்குக் கீழே இருக்கும் சின்னப் பட்டறைகளுக்குக் கட்டணப் பிரிவையே மாற்றினார்கள். நிலைக்கட்டணம் நாங்கள் கேட்ட அளவுக்குக் குறையவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

கூட்டத்தில் நான் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மைக் பிடித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் "வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு பெரியவர், ரெண்டு லேத் வைத்திருப்பவர், தன் பன்னிரண்டு மாத பில்லையும் ஒரு தாளில் பசை போட்டு ஒட்டி, ஆர்டர் இல்லாத மாதத்தில் ஓடாத மெஷினுக்கு எவ்வளவு கட்டினேன் என்று கணக்காகக் காட்டினார். மேடையில் இருந்தவர்கள் அவரிடம்தான் திரும்பக் கேள்வி கேட்டார்கள். நம்மில் எத்தனை பேர் அப்படிப் போகிறோம்?

---

அன்னூர்_காட்டுக்காரன் | திங்கள், காலை 5:55

பட்டறைக்காரர்கள் பேச்சில் காட்டுக்காரன் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் தொழில் பூங்காவுக்கு 3,800 ஏக்கருக்கு மேல் எடுப்பதாக அரசாணை வந்தது நினைவிருக்கும். நடைபயணம், கடையடைப்பு எல்லாம் பண்ணினோம். 2022 டிசம்பரில், தனியார் நிறுவனம் ஒன்றின் கையில் இருக்கும் நிலத்தை மட்டும் எடுப்போம், விவசாயிகள் நிலத்தைக் கட்டாயப்படுத்தி எடுக்க மாட்டோம் என்று அரசு சொன்னது.

தெருவில் நடந்ததுதான் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் கிராம சபை பற்றி ஊரில் யாருக்கும் அக்கறை கிடையாது, நூறு நாள் வேலைக்காரர்களைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்குவதோடு சரி. இப்போது வருடத்துக்கு ஆறு தடவை நடக்கிறது. பழைய நாலு நாளோடு மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்தது. கணபதிக்கு அது கிடையாது, மாநகராட்சி. உங்களுக்கு 2022 நவம்பரிலிருந்து பகுதி சபை என்று ஒன்று உண்டு. போயிருக்கிறீர்களா?

இன்னொரு சங்கதி. பெரிய ஆலை வருவதற்கான சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்னால் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்த வரைவு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் இடங்களில் மாவட்டத் தொழில் மையமும் ஒன்று. நீங்கள் கடனுக்காக ஏறும் அதே படிக்கட்டு. நான் போய்க் கேட்டபோது அலமாரிச் சாவி யாரிடம் என்று தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. எனக்கு முன்னால் யாரும் கேட்கவில்லையாம்.

---

ஓய்வு_தொழில்மையம் | திங்கள், காலை 7:05

அந்தச் சாவி பல வருடம் என் மேசை டிராயரில்தான் இருந்தது. யாரும் கேட்டதில்லை என்பது உண்மை. நாங்களும் யாரிடமும் சொன்னதில்லை, அதுவும் உண்மை.

---

கணபதி_லேத் | திங்கள், இரவு 8:30

பகுதி சபை நடந்ததே தெரியாது அண்ணா. நாளைக்கு வார்டு ஆபீஸில் கேட்கிறேன்.

இன்னொரு கேள்வி விட்டுப்போச்சு. எனக்கு ஆர்டர் கொடுக்கும் ஒரு கம்பெனி நாலு மாதமாகப் பணம் தரவில்லை. அது வந்தாலே கடனில் பாதி வேண்டாம்.

---

சங்கத்து_ஆள் | திங்கள், இரவு 9:10

குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள், இலவசம். 2,000 ரூபாய் கேட்கும் புரோக்கரிடம் போக வேண்டாம். 2006ஆம் வருடச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதை விசாரிக்கும் வசதியாக்க மன்றம் கோவையிலேயே இருக்கிறது, இணையத்திலேயே பதியலாம். ஒன்று, பதிவு செய்வதற்கு முன்னால் கொடுத்த சரக்குக்கு இதில் வழக்காடுவது கஷ்டம்.

வாடிக்கையாளர் மேல் போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பதும் எனக்குத் தெரியும். நானே இதுவரை ஒருத்தர் மேலும் போட்டதில்லை. 2024 ஏப்ரலில் இருந்து, குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய நாளில் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையைத் தந்த வருடத்தில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். அதனால் மார்ச் மாதம் நெருங்கும்போது அவர்கள் ஆடிட்டருக்கு ஒரு பணிவான ஞாபகக் கடிதம் போடுங்கள். முதலாளிக்கு அல்ல, ஆடிட்டருக்கு. எனக்கு இரண்டு தடவை வேலை செய்தது.

---

ஓய்வு_தொழில்மையம் | செவ்வாய், காலை 6:40

வியாழன் திட்டம் இப்படி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. 10 மணிக்குத் தொழில் மையம். அதற்கு முன்னால் போனால் ஆள் இருக்காது. உத்யம் சான்று, ஜிஎஸ்டி, கடைசி இரண்டு வருட ரிட்டர்ன், மின்பில், வாடகை ஒப்பந்தம், புது மெஷினுக்கு இரண்டு கொட்டேஷன். பழைய மெஷின் பேச்சையே எடுக்க வேண்டாம். மதியம் ஜி.என். மில்ஸ். நான் தொழில் மையத்துக்கு வருகிறேன், வாசலில் இளநீர்க்காரர் பக்கத்தில் நிற்பேன்.

---

கிரைண்டர்_அக்கா | செவ்வாய், காலை 7:30

ஐயா, நானும் வரலாமா? மூன்று வருடம் முடிந்துவிட்டது, டெபாசிட்டைக் கடனில் வரவு வைக்க மாட்டேன் என்கிறார்கள்.

---

ஓய்வு_தொழில்மையம் | செவ்வாய், காலை 7:34

வாங்கம்மா. மஞ்சள் பேனாவையும் கொண்டு வாங்க.

---

கோபக்கார_ஃபிட்டர் | புதன், இரவு 10:20

எங்கள் ஏரியாவுக்கும் நாளைக்குத்தான் ஷட்டவுனாம். பத்து மணிக்கா, பத்தரைக்கா?